மழை பெய்யாத பாட்டு

பெரியவனைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

போன வாரப் பகுதியில் அந்த மூத்த பிள்ளை தன் அப்பாவின் காரை விற்றதைப் படித்துவிட்டு உங்களில் பலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். எழுதிய எனக்கே வந்தது. ஆனால் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, கேளுங்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக அந்தப் பழைய காரில் ஓடிக்கொண்டே இருந்த மனிதர். பக்கவாதம் வந்து ஒரே நாளில் வலது கையும் வலது காலும் சோர்ந்துபோயின, பேச்சும் அடியோடு நின்றுவிட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில்தான் தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டு வாசலில் கார் காக்காய் எச்சம் வாங்கிக்கொண்டு நின்றது. "இனிமே யார் ஓட்டப்போறாங்க?" என்று பெரியவன் அதை ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்டான். அப்பாவிடம் மட்டும், "கார் ஒர்க்‌ஷாப்ல இருக்குப்பா" என்று கூசாமல் சொல்லிவைத்தான். திட்டுவதென்றால் அந்தப் பொய்க்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

காரோடு சேர்த்து வீட்டிலிருந்த சிடிகளையும் பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டான். அன்றைக்கு அண்ணன் தங்கை இருவருக்கும் நடந்த சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"சிடி எல்லாம் இந்தக் காலத்துல யாருக்குடி வேணும்? உலகத்துல இருக்கிற அத்தனை பாட்டும் இதுக்குள்ள இருக்கு" என்று ஃபோனைத் தூக்கிக் காட்டினான். அவன் ஃபோன் ஷோரூம் மேனேஜர். வேறு எப்படிப் பேசுவான்?

"அத்தனை பாட்டும் இருக்கட்டும். அப்பாவோடது இருக்கா?" என்றாள் வாலு.

வாலு என்பது தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மட்டும் தொட்டிலில் வைத்த பேர் மாறவே இல்லை. அண்ணன் அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் பதில் கிடைக்கப்போகிறது.

*

இன்று மதியத்துக்குள் அப்பா ஒரு வார்த்தை பேசியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற மேடம் நேற்றே சொல்லிவிட்டார். கறார் பேர்வழி, ஆனால் கல்நெஞ்சக்காரி இல்லை. "வெளியில எத்தனை பேர் இந்தப் படுக்கைக்குக் காத்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வார்த்தை வந்தாலும் போதும். முன்னேற்றம் இருக்குன்னு எழுதிடுவேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, பயிற்சிக்கு மட்டும் வந்துட்டுப் போகலாம். வரலேன்னா பராமரிப்பு இல்லம்தான்."

அதுவும் நியாயம்தானே. வீடு மூன்றாவது மாடி. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை, அதை விடுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் அம்மா ஒருத்தி. அவள் அடுக்களையில் இருக்கும்போது இவருக்கு மூச்சு முட்டினால்கூடக் கூப்பிட ஒரு வார்த்தை வேண்டாமா?

பராமரிப்பு இல்லத்து வண்டி சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வரும் என்று பெரியவன் ஏற்பாடு செய்திருந்தான். அம்மா அவருடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில், அவர் கண்ணில் படாத மாதிரி தள்ளியிருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி இருந்தார்.

"ஆரம்பிக்கலாமா, சார்?" என்றார் மேடம்.

பேச்சு போனவர்களுக்கும் பாட்டு சில சமயம் வரும், பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சும் மெல்ல ஏறி வரும் என்பது மேடத்தின் கணக்கு. அதற்காகப் பெரியவன் அப்பாவோடு வேலை பார்த்தவரைக் கேட்டு, அவர் காரில் எப்போதும் பாடும் பாட்டு எது என்று தெரிந்துகொண்டு வந்தான். ஷோரூமிலிருந்தே நல்ல ஸ்பீக்கராக ஒன்று கொண்டுவந்தான். பாட்டு கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது.

'வாசல் விளக்கை அணைக்காதே – நான்
வருகிற வழியில் மழை பெய்யும்
நனைந்தால் என்ன, நின்றால் என்ன,
நடந்தே வீடு வந்திடுவேன்.'

முதல் வரிக்கு அப்பாவின் உதடு அசைந்தது. தொண்டையில் லேசாக ஒரு முனகல் ராகத்தோடு சேர்ந்தது. அம்மா கட்டிலை நெருங்கி வந்தாள். 'வருகிற வழியில்' என்று வந்ததுதான் தாமதம், அப்பாவின் இடது கை மேலே எழும்பி முன்னாலிருந்த சாப்பாட்டு மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தது. தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது.

பாட்டு அது பாட்டுக்கு மழையில் போய்க்கொண்டிருந்தது. அப்பா திருதிருவென்று விழித்தார். முனகல் நின்றது. முகம் சிவந்து, ஸ்பீக்கரை ஏதோ விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மேடம் பாட்டை நிறுத்தினார். "கோபம் வருது. நேத்தும் இதே இடத்துலதான் அடிச்சார். வற்புறுத்த வேண்டாம்."

"வேற பாட்டு போடறேன் மேடம், எவ்வளவு வேணும்னாலும் இருக்கு" என்று பெரியவன் ஃபோனைத் தள்ளித் தள்ளி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடியவரைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாமல் அவன் கீழே இறங்கி வந்தான். பாவம், அவனுக்கும் அவர்தானே அப்பா.

*

ஆஸ்பத்திரி வாசலில் வாலு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். கடையில் ஒரு தாத்தாவை ஒரு கண்ணை மட்டும் பரிசோதித்து உட்கார வைத்துவிட்டு, இன்னொரு கண்ணை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பேசினாரா?"

"எங்கே பேசறது? அடிக்கிறார்" என்றான் பெரியவன். இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். "நல்லா போயிட்டிருக்கு பாட்டு. திடீர்னு ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான், எல்லாம் போச்சு."

"என்ன பாட்டு?"

"வாசல் விளக்கு."

"அட, அது கார்ல தினமும் கேட்ட பாட்டாச்சே!" என்றாள். தினமும் காலையில் அப்பாதான் அவளைக் கடையில் இறக்கிவிட்டுப் போவார். பெரியவனுக்குச் சொந்தமாக மோட்டார் சைக்கிள், காதில் இரண்டு பக்கமும் பாட்டுக் கேட்கிற குமிழ். அவன் அந்தக் காரில் ஏறி வருஷங்கள் ஆகியிருக்கும். "காலையில நான் கடையில இருந்தாலும், என்ன பாட்டு போடறீங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

லிஃப்ட் மெல்ல ஏறியது. வாலு பதற்றம் வந்தால் பாடுகிற ஜாதி. உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"வாசல் விளக்கை அணைக்காதே, நான் வருகிற வழி வழி வழி..." பட்டென்று லிஃப்ட் சுவரில் ஓர் அடி. "...நடந்தே வீடு வந்திடுவேன்."

"ஏய், நீ எதுக்குடி அடிக்கிறே? உனக்கும் கோபமா?"

"நான் எங்கே அடிச்சேன்?"

"இப்போதான் அடிச்சே. சுவத்துல. அதுவும் இல்லாம பாட்டுல பாதியை முழுங்கிட்டே. மழை எங்கே?"

"எந்த மழை?"

"வருகிற வழியில் மழை பெய்யும்னு வரும்ல?"

"அப்பா பாட்டுல மழையே பெய்யாதே!" என்றாள் வாலு.

சொன்னவள் அப்படியே நின்றாள். லிஃப்ட் கதவு திறந்தது. இருவரும் இறங்கவில்லை. கதவு ஒரு முறை மூடித் திரும்பத் திறந்தது.

"அண்ணா, அது கோபம் இல்லே" என்றாள். "அந்த சிடியில ஒரு கீறல். அந்த இடம் வந்தா 'வழி வழி வழி'ன்னு அங்கேயே நிக்கும். அப்பா டாஷ்போர்டுல ஒரு போடு போடுவார். உடனே தாவிடும், மழையைத் தாண்டி. தினமும் அப்படித்தான். அவர் அடிக்கிறது பாட்டை நிறுத்த இல்லே, பாட்டு மேல போறதுக்கு. நீங்க என்னடான்னா, அவர் அடிச்சதும் நிறுத்திடறீங்க!"

பெரியவன் மூடவந்த கதவைக் கையால் தடுத்துப் பிடித்தான். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டான். "அந்த சிடியையும் நான்தானே தூக்கிப் போட்டேன்."

"போடலே. அது பெட்டியில இருந்தாத்தானே போடுவே? காருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. வெளியே தள்ளுற பட்டன் போய் எத்தனை காலம் ஆச்சு! ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணுவார், இதை மட்டும் தொட மாட்டார். கேட்டா, 'உள்ளே இருந்து பாடுதுல்ல, பாடட்டும்'னுவார்."

*

அப்பாவின் கட்டிலருகே போய் வாலு குனிந்தாள். மேடத்திடம் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. மெல்லப் பாடினாள். 'வழி வழி வழி' என்று நின்றாள். சாப்பாட்டு மேசையில் ஒரு போடு போட்டாள்.

அப்பாவின் கண் அகலத் திறந்தது. மகளின் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. 'அப்பாடா, ஒருத்திக்காவது புரிஞ்சுதே' என்று அந்தப் பிடி சொல்லிற்று. தொண்டையில் முனகல் எழுந்து, முதன்முறையாக அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. வார்த்தை மட்டும் வரவில்லை.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் இத்தனை நாளா கோபம் கோபம்னு எழுதிட்டிருந்தேனே!"

"ரெண்டு நிமிஷம் குடுங்க" என்று பெரியவன் ஃபோனோடு மூலையில் உட்கார்ந்தான். விரல் பறந்தது. மழை வருகிற வரிகளை நறுக்கி எடுத்துவிட்டு, ஒட்டு தெரியாமல் ஒட்டிக் கொண்டுவந்தான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை.

பாட்டு ஓடியது. வழியில் என்று வந்தது. அப்பாவின் கை எழும்பியது, அதற்குள் பாட்டு தாவிவிட்டது. கை அந்தரத்தில் நின்றது. இன்னொரு தடவை போட்டான். இந்த முறை கை முந்திக்கொண்டது. மூன்றாவது தடவை அப்பா கையைத் தூக்கவே இல்லை.

"இது அவருக்காக நிக்க மாட்டேங்குது, அண்ணா" என்றாள் வாலு. "நீ எவ்வளவு நல்லா வெட்டினாலும் இது அது பாட்டுக்கு ஓடும். அந்த சிடி நிக்கும். அப்பா அடிக்கிற வரைக்கும் அதே இடத்துல நிக்கும். அவருக்கு இப்போ அதுதான் வேணும். ஒண்ணு நிக்கணும்."

மேடம் மெல்லத் தலையாட்டினார். "காரைக் கொண்டுவர முடியுமா?"

பெரியவன் தங்கையைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கு வந்து, "கார் வித்ததே அவருக்குத் தெரியாதுடி" என்றான் மெதுவாக. "அதைப் பாத்தார்னா திரும்ப ஏதாவது ஆயிடப்போகுது."

"பொய் சொன்னது நீ. அதுக்காக வாயடைச்சு உக்காந்திருக்க வேண்டியது அவரா? ஃபோன் பண்ணு."

அவன் ஃபோன் செய்தான். உலகத்தின் அத்தனை பாட்டும் இருந்த அந்த ஃபோனில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் நம்பரைத் தேடினான்.

"அந்த சிடியா?" என்றார் மாஸ்டர் எதிர்முனையில். "ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க, வெளியவே வரலே. 'வழி வழி'ன்னு நின்னுடுது, நான் ஆஃப் பண்ணிடுவேன். எனக்கு அந்தப் பாட்டு அதுக்கு மேல தெரியவே தெரியாது! இப்போ லெசன்ல இருக்கேன். டாக்டரம்மா ஓட்டிட்டிருக்காங்க. நேரா அங்கே ஓட்டிட்டு வரச் சொல்றேன்."

"நீங்க ஓட்டுங்க மாஸ்டர், சீக்கிரம் வரணும்!"

"அதெப்படிங்க? லெசன் அவங்களோடது."

*

டாக்டரம்மா என்றால் பல் டாக்டர். அடுத்தவர் வாயில் ஊசியோடு கையை விட அஞ்சாதவர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை கிடுகிடுவென்று ஆடும்.

மாடி ஜன்னலிலிருந்து வாலு பார்த்தாள். தெருக்கோடியில் கார் திரும்பியது. அப்பாவின் கார்தானா அது? பளீரென்று மஞ்சள் பெயின்ட், கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று பலகை. கார் வருகிறதா, நிற்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. சைக்கிளில் போனவர் முந்திப் போனார். கைத்தடி ஊன்றிய ஒருவரும் முந்திப் போனார்.

பெரியவன் கீழே தெருவுக்கு ஓடினான். காருக்கு முன்னால் போய், பின்பக்கமாக நடந்துகொண்டே இரண்டு கையாலும் 'வாங்க, வாங்க' என்று அழைத்தான். ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நிற்கிறவன். இன்று டை தோளில் பறக்க, நடுத்தெருவில் போலீஸ்காரர் வேலை பார்த்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காட்சியில்தான் எனக்கு அவன்மேல் இருந்த பாதிக் கோபம் போயிற்று.

"மேடம், மதியம்னு சொன்னீங்க..." என்று இழுத்தாள் அம்மா. கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார் வரட்டும்மா. அது வர்ற வரைக்கும் மதியம் ஆகாது" என்றார் மேடம். கல்நெஞ்சக்காரி இல்லை என்று சொன்னேனே.

சக்கர நாற்காலியில் அப்பாவை லிஃப்டில் இறக்கினார்கள். பாதி இறங்கும்போது அவர் தலையைச் சாய்த்து லிஃப்டின் சத்தத்தைக் கேட்டார். முகத்தைச் சுளித்தார். இடது கை விரலை ஆட்டி, 'சரியில்லை, சரியில்லை' என்று காட்டினார். அந்த நிலைமையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலில் கார் வந்து நின்றது. கடைசியில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் நின்றது.

அப்பா பார்த்தார். மஞ்சள் பெயின்ட்டைப் பார்த்தார். கூரைப் பலகையைப் பார்த்தார். இறங்கி நின்ற மாஸ்டரைப் பார்த்தார். பிறகு கழுத்தை மெல்லத் திருப்பி மகனைப் பார்த்தார். பெரியவன் அப்படியே தலையைக் குனிந்துகொண்டான்.

"வித்துட்டேன்பா" என்றான். "ஒர்க்‌ஷாப்னு சொன்னது பொய். நீங்க இனிமே ஓட்ட மாட்டீங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலே."

அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடது கையை நீட்டி, டிரைவர் சீட்டைக் காட்டினார்.

"டிரைவர் சீட்டா? வேண்டாம் சார்" என்று மேடம் பதறினார்.

"பயப்படாதீங்கம்மா, இந்தப் பக்கமும் பிரேக் வச்சிருக்கேன்" என்று மாஸ்டர் பெருமையோடு பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். "இதுல யார் உக்காந்தாலும் கார் என் பேச்சைத்தான் கேக்கும்."

பெரியவன் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தான். மேடமும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். வாலு மாஸ்டர் பக்கத்து ஜன்னலில் தலையை நுழைத்துக்கொண்டாள். டாக்டரம்மா, "அப்போ நான்?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் சாவியைப் பாதி திருப்பினார். இன்ஜின் கிளம்பவில்லை, பிளேயரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே எதுவோ கிர்ரென்று சுற்றி, இரைச்சலும் கரகரப்புமாகப் பாட்டு வந்தது. பெரியவனின் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் கால்காசு பெறாது.

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

'வாசல் விளக்கை அணைக்காதே – நான் வருகிற வழி வழி வழி வழி...'

நின்றது. எல்லோரும் அப்பாவின் இடது கையைப் பார்த்தார்கள். கை மடியில் கிடந்தது. அவர் கண் எதிரே இருந்த மஞ்சள் பானெட்டின் மேலேயே இருந்தது.

'வழி வழி வழி வழி...'

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே பெரியவன் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாளாமல் வாலு கையை உள்ளே நீட்டினாள், தானே ஒரு அடி அடித்துவிட.

"தொடாதீங்க" என்றார் மேடம் பின்னாலிருந்து. "அது நிக்குதுல்ல? நாமளும் நிப்போம்."

'வழி வழி வழி வழி...'

மாஸ்டரின் நெற்றி வியர்த்தது. அவர் கைக்குப் பழக்கம், அந்த இடத்தில் ஆஃப் செய்துவிடுவார். கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மடியில் கிடந்த கை அசைந்தது. எழும்பியது. டாஷ்போர்டில், பல வருஷ அடிகளில் தேய்ந்து பளபளத்த அந்த இடத்தில், சரியாக இறங்கியது.

'நடந்தே வீடு வந்திடுவேன்.'

பாடியது சிடி மட்டும் இல்லை. அப்பாவின் குரல். கரடுமுரடாக, ஸ்ருதி கொஞ்சம் விலகி, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. நடந்தே. வீடு. வந்திடுவேன்.

அடுத்த வரிக்கும் போனார். அதற்கடுத்த வரிக்கும் போனார். பாட்டு திரும்பச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது, அவர் யோசிக்கவே இல்லை, ஒரே போடு. நின்றதும் அடித்தார், தாவியதும் பாடினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியப் பாடினார். டாக்டரம்மா சக்கர நாற்காலியை விட்டுவிட்டுக் கை தட்டினார். வாசலில் நின்ற காவல்காரர் தட்டினார். மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

அம்மா பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் பாடி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லே" என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். "வீட்டுல வாயே திறக்க மாட்டார். கார்ல இவ்வளவு பாடியிருக்காரா? என்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

பெரியவன் காருக்கு வெளியே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இது என் ஃபோன்ல இல்லே, வாலு" என்றான். "நீ அன்னைக்குக் கேட்டேல்ல? இல்லே. அப்பாவோடது இல்லே."

"தெரியும்டா அண்ணா" என்றாள் வாலு. ஜெயித்தவள் வேறு என்ன சொல்ல வேண்டும்?

மேடம் முன்னால் குனிந்தார். அவர் குரலே மாறியிருந்தது. "மாஸ்டர், நிறுத்துங்க. சார், பாட்டு வந்துடுச்சு. இப்போ பாட்டு இல்லாம ஒண்ணு. எந்த வார்த்தையா இருந்தாலும் சரி. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

மாஸ்டர் சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டார். பச்சை விளக்கு அணைந்தது.

அப்பாவின் உதடு குவிந்தது, விரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கை தானாக டாஷ்போர்டைத் தேடிப் போயிற்று. பாட்டு இல்லாத டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினார்.

"சா..." என்றார்.

மேடம் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்.

இன்னொரு தட்டு.

"சாவி."

வாலு வீலென்று கத்திவிட்டாள். மேடம், "எழுதிட்டேன்! எழுதிட்டேன்! அந்த இல்லத்து வண்டியைத் திரும்பிப் போகச் சொல்லுங்க, சார் வீட்டுக்குப் போறார்!" என்று எழுதாத காகிதத்தை ஆட்டினார். பெரியவன் ஃபோனை எடுத்தான், அவசரத்தில் தவற விட்டான், குனிந்து எடுத்தான்.

அம்மா மட்டும் கணவரின் கையைப் பார்த்தாள். அந்தக் கை வார்த்தையோடு நிற்கவில்லை. உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து, மாஸ்டரின் பக்கம் நீண்டிருந்தது.

மாஸ்டருக்கு மெல்லத்தான் புரிந்தது. சாவியை இறுக்கி மூடிக்கொண்டார். "என்னங்க இது? நான் வாங்கின கார். பெயின்ட் அடிச்சு, பிரேக் வச்சு..." என்று பெரியவனைப் பார்த்தார். பெரியவன் அப்பாவைப் பார்த்தான். டாக்டரம்மா, "அப்போ என் லெசன்?" என்றார்.

"சாவி" என்றார் அப்பா மறுபடியும். இந்தத் தடவை தட்டக்கூட இல்லை.

ஒரு நாளும் வெளியாரிடம் குரலை உயர்த்தாத அம்மா, பின்சீட்டிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க, மாஸ்டர்? அவர்தான் வாயைத் திறந்து கேக்குறார்ல?"